புள்ளி தெரியாத நாட்கள்

தலைவலி மாத்திரை அட்டையின் பின்பக்கம் காலாவதித் தேதியைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள் இல்லையா, அதை ஒரு நாள் காலை கண்ணாடி போடாமலே படித்துவிட்டேன். எனக்கு 49 வயது. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்று ஆகி ஐந்து வருடம் இருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாதம், வருடம், பேட்ச் எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. "ஏங்க, இங்க பாருங்களேன், கண்ணாடி இல்லாமலே தெரியுது" என்று கணவரிடம் காட்டினேன். "நல்லதுதானே" என்றார். இரண்டு பேருக்குமே சந்தோஷம்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் கலங்கித் தெரிந்தன. தெருமுனையில் வருவது யார் என்று அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தூக்கம் போதாததும் உண்மைதான். இரவில் நான்கு முறை எழுந்து பாத்ரூம் போனேன், போய் வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன். எடை குறைந்திருந்தது. கிட்டே நன்றாகத் தெரிவதும், தூரத்தில் மங்குவதும், தாகமும், உடம்பு இளைத்ததும் ஒரே விஷயத்தின் நான்கு முகங்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 274 வந்தது. 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சொல்வார்கள். ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 11.4. அதற்கு 6.5 எல்லை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நடக்கச் சொன்னார், சாப்பாட்டைப் பற்றி நிறைய பேசினார். கிளம்பும்போது "கண்ணை ஒரு தடவை காட்டிடுங்கம்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் பிழை திருத்துபவள். இருபத்திரண்டு வருடமாக அச்சுப்படிகளோடுதான் பிழைப்பு. மாத்திரை ஆரம்பித்த ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, கையில் இருந்த படியில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் காணாமல் போயின. முதலில் அச்சில்தான் கோளாறு என்று நினைத்தேன். 'எண்ணம்' என்ற சொல் 'எணணம' என்று நின்றது. கண்ணாடியைப் போட்டேன், அப்படியேதான் இருந்தது. தாளைத் தள்ளிப் பிடித்தேன், கை நீளும் மட்டும் பிடித்தேன், கொஞ்சம் தேவலை. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது கீழே இருக்கும் ஒரு சின்னச் சாய்வுக் கோடுதான். அந்தக் கோடு கரைந்து போனதில் 'மரம்' என் கண்ணுக்கு 'மாம்' ஆகிவிட்டது. றகரமும் னகரமும் கூட்டமாக வரும் இடங்களில் வரி முழுவதும் ஒரு கறுப்புச் சரடு மாதிரி ஓடியது.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். சர்க்கரை 274 இருந்தபோது நன்றாகத் தெரிந்த கண், மாத்திரை போட்டு 160-க்கு இறங்கியதும் மங்கினால் என்ன நினைக்கத் தோன்றும்? மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கிறது என்று தோன்றியது. இரண்டு நாள் மாத்திரையைக்கூட நிறுத்தினேன். இதே பயத்தில் மருந்தை விட்டவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன். அது தப்பு. நிறுத்தக் கூடாது.

பன்னிரண்டாவது நாள் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெஷினில் நெற்றியை வைத்து, பலூன் படத்தைப் பார்த்து, எழுத்துப் பலகையை வாசித்து, ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டு, "இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா" என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அதுவரை எனக்குத் தூரத்துக்குப் பவரே கிடையாது, படிக்க ப்ளஸ் 1.75 மட்டும்தான். இப்போது தூரத்துக்கு ப்ளஸ் 1.50, படிக்க ப்ளஸ் 3.25 என்று வந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸில் பவர் இருக்கும் புரோகிரசிவ் கண்ணாடியாகச் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். மருத்துவர் சொன்னபடி கண்ணைக் காட்டியாயிற்று என்று மனதுக்குள் ஒரு வேலையை முடித்த நிம்மதி.

புதுக் கண்ணாடியைப் போட்ட அன்று புள்ளிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் அதனதன் புள்ளி. அந்தச் சந்தோஷம் பத்து நாள், பதினோரு நாள் இருந்திருக்கும். அப்புறம் அந்தக் கண்ணாடியோடு தூரத்தில் பார்த்தால் மங்கல், கழற்றினால் தெளிவு. ஆறாவது வாரத்தில் அதைப் போட்டால் தலை சுற்றியது. படிக்கும் பகுதியில் தாளை மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது அது அலமாரியில் இருக்கிறது.

என்ன நடந்தது என்பதை ஏழாவது வாரத்தில் கண் மருத்துவர் விளக்கினார். கண்ணின் குவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கும் கார்னியா என்ற தெளிவான கருவிழிப் படலத்துடையது. மீதி, பாப்பாவுக்கு, அதாவது ஒளி உள்ளே நுழையும் கறுப்புத் துளைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸுடையது. ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலமும் நான்கு மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, மாத்திரை மாதிரி இருபுறமும் உப்பிய ஒரு கண்ணாடித் துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் நீரிலிருந்துதான் உணவை எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும், லென்ஸுக்குள்ளும் போகும். லென்ஸுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் தேவையில்லை என்பதால் தடுக்கவும் ஆளில்லை. உள்ளே போனதில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறிவிடுகிறது. அது எளிதில் வெளியே வராது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படி லென்ஸின் நீர்க் கணக்கு மாறும்போது அதன் வளைவும், ஒளியை மடக்கும் திறனும் மாறுகின்றன.

சர்க்கரை ஏறிக்கொண்டே போனபோது என் கண் மைனஸ் பக்கம் சாய்ந்தது. அதாவது கிட்டப்பார்வை. கிட்டே தெளிவு, தூரத்தில் மங்கல். வெள்ளெழுத்து இருப்பவருக்குக் கிட்டப்பார்வை வந்தால் படிக்கும் கண்ணாடி வேண்டாம்போல் ஆகிவிடும். நான் கொண்டாடிய அந்த மாத்திரை அட்டை நோயின் அறிகுறி. பிறகு மருந்தில் சர்க்கரை சட்டென்று இறங்கியதும், லென்ஸைச் சுற்றியிருக்கும் நீரில் சர்க்கரை குறைந்துவிட்டது, உள்ளே இருப்பதோ குறையவில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் கணக்கு ஒத்துவரும் வரை கண் எதிர்த்திசையில், கிட்டே மங்கும் ப்ளஸ் பக்கம், சாயும். முதல் ஓரிரு வாரத்தில் இது உச்சத்துக்குப் போய், பிறகு வாரக் கணக்கில் மெதுவாகத் தன் பழைய இடத்துக்கு வந்துவிடும். நான் கண்ணாடி செய்தது சரியாக அந்த உச்சத்தில்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1922-ல்தான் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். 1925-லேயே டியூக்-எல்டர் என்ற பிரிட்டிஷ் கண் மருத்துவர், சர்க்கரை ஏறும்போது பார்வை மைனஸ் பக்கமும் இறங்கும்போது ப்ளஸ் பக்கமும் நகர்வதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். நூறு வருடமாகத் தெரிந்த ஒன்றை, முதல் மாத்திரைச் சீட்டை எழுதும்போதே "சில வாரம் கண் மங்கும், பயப்படாதீங்க, கண்ணாடி மாத்தாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் நான் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டேன்.

எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்றால், சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து ஆறு முதல் எட்டு வாரம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மருந்தின் அளவை இன்னும் மாற்றிக்கொண்டிருந்தால் கூடுதலாகவும் ஆகும். பவர் பார்க்கப் போகும் நாளில் சர்க்கரை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போவது நல்லது. இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டும் ஒரே எண்ணாக வந்தால் கண்ணாடி செய்யலாம். ஒரு டயாப்டர், அதாவது கண்ணாடிப் பவரில் ஒன்று, வித்தியாசம் என்பதை நாம் சின்ன எண்ணாக நினைக்கிறோம். தூரத்துக் கண்ணாடியே தேவைப்படாத ஒருவருக்கு மைனஸ் ஒன்று வந்துவிட்டால், ஒரு மீட்டருக்கு அப்பால் இருக்கும் எல்லாமே கலங்கத் தொடங்கும்.

அந்த இடைக்கால வாரங்களை எப்படி ஓட்டுவது என்பதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய கேள்வி. நான் இரண்டு மாதத்துக்கு அச்சுத்தாளை விட்டுவிட்டுத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கித் திருத்தினேன். கடையில் தயாராகக் கிடைக்கும் ப்ளஸ் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கண் மருத்துவரே சொன்னார், இடைக்காலத்துக்கு அது போதும். மேசை விளக்கைப் பிரகாசமானதாக மாற்றினேன். வண்டி ஓட்டவில்லை. மங்கிய கண்ணோடு வண்டி ஓட்டுவது அடுத்தவர் உயிரோடும் விளையாடுவது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒரு நாள் நெஞ்சு படபடத்துவிட்டது. என்னுடைய இரண்டு மாத்திரைகளும் வெள்ளை, வட்டம், அட்டையும் ஏறக்குறைய ஒரே நிறம். ஒன்று காலையில் ஒரு தடவை, இன்னொன்று காலையும் இரவும். பெயர் படிக்க முடியாமல் இரவு மாத்திரைக்குப் பதில் மற்றதை உடைத்துக் கையில் வைத்திருந்தேன். மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, அது காலைல போடறது" என்றாள். அன்றே காலை மாத்திரை அட்டைக்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இந்த வாரங்களில் ஊசியின் அளவுக் கோட்டையோ இன்சுலின் பேனாவில் வைத்த அளவையோ இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டுப் போடுவது மிக மிக முக்கியம்.

இவ்வளவும் லென்ஸைப் பற்றியது. பயமுறுத்தும், ஆனால் தானே சரியாகும்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "கண்ணைக் காட்டிடுங்கம்மா" என்று மருத்துவர் சொன்னது பவர் பார்க்க இல்லை. விழித்திரையைப் பார்க்க. கண்ணாடிக் கடையில் நெற்றியை வைத்துப் பார்க்கும் மெஷின் கண் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளக்கும். பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் எப்படியிருக்கின்றன என்று அது சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்து, உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். பவர் பார்ப்பதையும் கண் பார்ப்பதையும் நாம் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் ஏழு வாரம் அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடிக்குப் பொறுத்திருக்கலாம், விழித்திரைப் பரிசோதனைக்குப் பொறுத்திருக்கக் கூடாது. இரண்டாவது வகை (டைப் 2) சர்க்கரை நோய் என்று தெரிந்தவுடனே அதைச் செய்ய வேண்டும். காரணம், அந்த வகை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனையில் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே சர்க்கரை சத்தமில்லாமல் ஏறியிருக்கும். முதல் வகைக்காரர்களுக்குத் தொடக்கம் பெரும்பாலும் தெளிவாகத் தெரிவதால், ஐந்து வருடத்துக்குள் முதல் பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு பெரும்பாலானவர்களுக்கு வருடம் ஒரு முறை. இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட காலம் மிக அதிகமாக இருந்த சர்க்கரையை வேகமாக இறக்கும்போது, விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அது சில காலம் கூடலாம். சர்க்கரையை இறக்குவதுதான் நீண்ட காலத்தில் கண்ணைக் காக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் தொடக்கத்தில் உள்ளே என்ன நிலை என்று தெரிந்திருந்தால்தான் கண்காணிக்க முடியும்.

பரிசோதனை அன்று நடந்ததைச் சொல்கிறேன், பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு உதவும். சொட்டு மருந்து விட்டதும் சில விநாடி எரியும். தொண்டைக்குள் லேசாகக் கசக்கும், கண்ணிலிருந்து மூக்குக்கு வழி இருக்கிறது அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். அறையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல், வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அப்புறம் இருட்டறை. "மேலே பாருங்க, வலது பக்கம் மேலே, வலது, கீழே, உங்க மூக்கைப் பாருங்க" என்று எட்டுத் திசையும் பார்க்க வைத்தார். வெளிச்சம் கூசும், வலிக்காது. விளக்கு விலகிய பிறகு கொஞ்ச நேரம் அறையே ஊதா நிறமாகத் தெரிந்தது. மருந்தின் விளைவு தீரும் வரை, நாலைந்து மணி நேரமாவது, படிக்க முடியாது, வெயில் தாங்காது. துணைக்கு ஆள் வேண்டும்.

பிறகு படத்தைத் திரையில் காட்டினார். செம்மஞ்சள் வட்டம், அதில் ஓரமாக வெளிர் மஞ்சளில் நரம்பு தொடங்கும் இடம், அங்கிருந்து வேர் மாதிரிப் பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள். உடம்பை அறுக்காமல் ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்க முடிகிற இடம் இதுதான் என்றார். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகுதான் உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். வலது கண் சுத்தம். இடது கண் படத்தில் ஓரிடத்தைப் பெரிதாக்கினார். ஊசி முனையால் தொட்டு வைத்த மாதிரி இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இது ரத்தக் குழாய்ல வந்திருக்கற சின்ன வீக்கம்மா. ஆரம்பக் கட்டம். இப்ப வைத்தியம் ஒண்ணும் வேண்டாம், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டுல வைங்க, வருஷா வருஷம் வாங்க."

"எனக்கு அந்தக் கண்ல நல்லாத்தானே தெரியுது டாக்டர்?"

"ஆமா, ஆறுக்கு ஆறு, முழுசாத் தெரியுது. அதனாலதான் படம் எடுக்கறோம்."

புள்ளிகள் மறைந்ததால் அழுத எனக்கு, அதுவரை தெரியாமல் இருந்த இரண்டு புள்ளிகளை அவர் காட்டினார். கடிகாரமும் மரமும் மாத்திரைப் பெயரும் கலங்கி நான் நடுங்கிய அத்தனை நாளும் விழித்திரையில் இருந்த அந்தப் பாதிப்பு ஒரு சின்ன அறிகுறியும் காட்டவில்லை. விழித்திரைப் பாதிப்பு முற்றி, நடுப்பகுதியில் நீர் கோத்தாலோ, புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள் வெடித்து ரத்தம் கசிந்தாலோதான் பார்வையில் தெரியும். அந்தக் கட்டத்துக்கும் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, பார்வையைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். ஆனால் போன பார்வை முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. புதிதாக இரண்டாவது வகைச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களை வருடக் கணக்கில் தொடர்ந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றின் முடிவு 1998-ல் வந்தது. சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. அந்த 25-ஐ என் நடையிலும் தட்டிலும் நினைத்துக்கொள்கிறேன்.

மங்கல் எல்லாமே லென்ஸ் விளையாட்டு என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல, சர்க்கரையோடு சேர்ந்து ஏறி இறங்கும் மங்கல்தான் நான் சொன்னது. ஒரு கண்ணில் மட்டும் சட்டென்று மங்கினால், கறுப்புத் துணுக்குகள் திடீரென்று மழை மாதிரி மிதந்தால், மின்னல் வெட்டினால், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலிருந்தால், நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். வாரக் கணக்கில் பொறுப்பதெல்லாம் அதற்குப் பொருந்தாது.

பத்தாவது வாரம் பவர் பார்த்தார்கள், பதின்மூன்றாவது வாரம் மறுபடியும். இரண்டு தடவையும் தூரத்துக்கு ஒன்றுமில்லை, படிக்க ப்ளஸ் 2. பழைய எண்ணிலிருந்து கால் பவர் கூடியிருந்தது, அது வயதுக்கானது என்றார்கள். ஹெச்பிஏ1சி 7.1-க்கு வந்திருந்தது. சாதாரணப் படிக்கும் கண்ணாடியாகச் செய்துகொண்டேன். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கையில் எடுத்த அச்சுப்படியில் முதல் பக்கத்திலேயே ஒரு ஒற்றெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. இந்தத் தடவை அச்சில்தான் விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் வைத்தேன்.

வருகிற மாதம் இடது கண்ணை மறுபடி படம் எடுக்க வேண்டும். மகளிடம் அன்றைக்கு விடுப்பு போடச் சொல்லியிருக்கிறேன், திரும்பி வரும்போது வெயில் கூசும். போன வருடப் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.